பூக்கடை முன்னால் நிற்க மாட்டேன்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கைபேசி அடிக்கத் தொடங்கும். மற்ற நாட்களில் நான் கவிதை எழுதுவதோ படம் வரைவதோ இந்த ஊர்ப் பத்திரிகைகளின் கண்ணில் படாது. இந்தியர் கடைத்தெருவான தேக்காவில் விளக்கு அலங்காரம் ஏறியதும் தீபாவளிச் சிறப்பிதழுக்கு ஓர் ஆள் தேவைப்படும். பட்டுச் சேலை கட்டிய, சோகமான கண்கள் கொண்ட, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கவிஞர். என்னிடம் சேலை இருக்கிறது. அந்தக் கண்கள்தான் இல்லை.

முதல் முறை கூப்பிட்டபோது மயங்கித்தான் போனேன். பேப்பரில் முகம் வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? பூக்கடை முன்னால் நிற்கவைத்து, மல்லிகைச் சரத்தைக் கையில் கொடுத்து, தூரத்தில் எதையோ தேடுவதுபோல் பார்க்கச் சொன்னார்கள். நான் தேடியது பேருந்து நிறுத்தத்தை. அடுத்த வாரம் தலைப்பு வந்தது: 'ஊர் நினைவில் உருகும் கவிஞர்'. ஊரைப் பற்றி அதுவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. சரக்குக் கப்பல் அலுவலகத்தில் நான் நாள் முழுக்க நிரப்பும் படிவங்களைப் பற்றியும் ரயிலில் நின்றபடியே தூங்குகிறவர்களைப் பற்றியும்தான் எழுதியிருந்தேன். யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா போனில் அழுதாள்.

"அங்க அவ்வளவு கஷ்டமா இருந்தா கிளம்பி வந்துடும்மா. நாங்க பாத்துக்குறோம்."

நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவளை நம்பவைக்க ஒரு மாதம் பிடித்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இலக்கியக் கூட்டங்களிலும் இதே கதைதான். நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. குடியுரிமை கிடைத்துப் பிங்க் ஐசி வாங்கியே பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் மேடையில், 'தமிழகத்திலிருந்து வந்திருக்கும் கவிஞர்' என்றுதான் அழைப்பார்கள், ஏதோ அன்று காலையில்தான் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினதுபோல.

போன வருடம் ஃபேரர் பார்க் பக்கம், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் சின்ன அறையை இரண்டு வாரத்துக்கு எடுத்து என் முதல் ஓவியக் கண்காட்சியை வைத்தேன். இருபத்திரண்டு படங்கள். எல்லாமே பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே லிப்டுக்குக் காத்திருப்பவர்களின் முதுகுகள். பள்ளிப் பை தொங்கும் முதுகு, மார்க்கெட் பையால் ஒருபக்கம் சாய்ந்த முதுகு, முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்த முதுகு. ஆறு வருடம் வேலை முடிந்து வந்து வரைந்தவை. முதல் நான்கு நாளில் பதினோரு பேர் வந்தார்கள். அதில் என் கணவரை மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

"பேப்பர்ல வந்தாதான் ஆள் வரும் லா," என்றார் இடத்தை நடத்துபவர். யாரும் பார்க்காமலே படங்களைக் கழற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு நிருபர் வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த இளம் பெண். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, இவங்க எல்லாரும் திரும்பி நிக்கிறாங்களே, சொந்த ஊரை நினைச்சு ஏங்குறாங்களா?"

"இல்லம்மா. லிப்ட் பதினாறாவது மாடில நிக்குது. அதை நினைச்சு ஏங்குறாங்க."

சிரித்தார். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. பிறகு ஆசிரியர் அனுப்பியிருந்த பட்டியலைக் கைபேசியில் காட்டினார். பூக்கடை முன்னால் ஒரு படம், அகல்விளக்குடன் ஒரு படம், ஊரை நினைத்து அழுத தருணம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்னைப் பற்றிய கட்டுரை முடிந்திருந்தது.

"பூக்கடை முன்னால நிக்க மாட்டேன். பொங்கோலுக்கு வாங்க, எங்க லிப்ட் வாசல்ல நிக்கிறேன்," என்றேன்.

"இது தீபாவளி சப்ளிமெண்ட் அக்கா. லிப்டை எப்படிப் போடுறது? எடிட்டர் ஓகே சொல்ல மாட்டாரு. ப்ளீஸ்க்கா, ஒரே ஒரு ஷாட்."

அந்த ஒரு படத்துக்கு நின்றால் அறை நிறையும். ஆனால் வருகிறவர்கள் மல்லிகைச் சரம் பிடித்த பெண்ணைப் பார்க்கத்தான் வருவார்கள். என் இருபத்திரண்டு பேரையும் ஊர் ஏக்கத்தில் நிற்பவர்களாக்கிவிட்டுப் போவார்கள்.

"அப்ப வேணாம்மா. எழுதாட்டி போகட்டும். இல்லாததை எழுதாதீங்க."

சிறப்பிதழில் அந்தப் பூக்கடை முன்னால் வேறு யாரோ நின்றார். பாவம், அவரும் தூரத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிருபரை அனுப்பிவிட்டு அன்று ரயிலில் வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன். உனக்கு எதுக்கு இந்த வீம்பு? லிப்ட் வாசலில் வழக்கம்போல ஆறேழு முதுகுகள். அப்போதுதான் உறைத்தது, பார்க்க வேண்டியவர்கள் இங்கேயல்லவா நிற்கிறார்கள்! மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு தாள் அடித்தேன். 'உங்கள் முதுகு ஒரு கண்காட்சியில் மாட்டியிருக்கிறது. உங்களுடையதுதானா என்று வந்து பாருங்கள்.' கண்காட்சியின் முகவரியைக் கீழே போட்டு, லிப்டுக்குக் காத்திருந்தவர்கள் கையிலேயே கொடுத்தேன். ஆறு வருடத்தில் அவர்களை நான் முன்னாலிருந்து பார்த்தது அன்றுதான்.

சனி, ஞாயிறில் வந்தார்கள், குடும்பம் குடும்பமாக. ஒன்பதாம் மாடி மலாய்க்காரரும் அவர் மனைவியும் எந்த முதுகு அவருடையது என்று சண்டையே போட்டார்கள். மூன்றாம் மாடி சீன ஆன்ட்டி ஒரு படத்தின் முன்னால் நின்று, "இது நான். என் பை சிவப்பு. நீ ஏன் நீலம் அடிச்சே?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கடிந்துகொண்டார். பத்திரிகை விமர்சனம் என்று எனக்கு வாய்த்தது அதுதான். தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

கடைசி நாள் அந்த நிருபர் கேமரா இல்லாமல் தனியாக வந்து ஓரமாக நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வந்திருந்த சீன ஆன்ட்டியிடம் நேராகப் போனார்.

"இவங்க எங்கேருந்து வந்தவங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

இது தெரியாதா உனக்கு என்பதுபோல் ஆன்ட்டி அவரைப் பார்த்தார்.

"பதினாலாவது மாடி," என்றார்.

நான் நிருபரைப் பார்த்தேன். "எழுதிக்கோங்க," என்றேன்.

இந்த முறை எழுதிக்கொண்டார்.