செருப்புக்குக் காவல்

1986ஆம் ஆண்டு மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், தன்னைப் பெண் பார்க்க வந்த மயில்சாமியை ஆத்தாயி முதன்முதலாக ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் வாசலைத் தாண்டவில்லை. முன்னால் வந்த தம் மாமனை யாரும் "வாங்க" என்று சொல்லவில்லையாம், தெருவிலேயே நின்றுவிட்டார். ஆத்தாயியின் தந்தை இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்த பிறகே உள்ளே வந்தார்.

"வீம்பு புடிச்ச ஆளு" என்று அத்தை முணுமுணுத்தாள். ஆத்தாயிக்கு அன்று அந்த வீம்பு பிடித்திருந்தது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்தார் மயில்சாமி. விரற்கடை கோணினாலும், கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். ஒரே மகள் நித்யஸ்ரீ, வேலைக்குப் போன பின்லாந்தில், உடன் பணியாற்றிய அந்நாட்டுக்காரனை மணக்கப்போவதாகச் சொன்னபோது, கைப்பேசியை ஆத்தாயியிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார். நீர் வார்த்து மகளைத் தாரை கொடுக்க வேண்டியவர் போகவில்லை, தாயையும் போகவிடவில்லை. ஹெல்சின்கியின் பெரிய லூத்தரன் தேவாலயத்தில், பெண் வீட்டார் ஒருவருமின்றி அத்திருமணம் நடந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, நெஞ்சுவலி வந்து பிழைத்த பின், "போய்ட்டு வரலாம்" என்று அவரே சொன்னார். 2023 வைகாசியில் போனார்கள். நித்யஸ்ரீ அவர்களை அதே தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றாள்.

"நான் நின்ன எடத்துல ஒரு நிமிசம் எங்கூட நில்லுங்கப்பா. அது போதுமுங்க."

அகன்ற படிகள் அத்தனையையும் மூச்சு வாங்க ஏறியவர், கதவருகே உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினார். ஆத்தாயியையும் கழற்றச் சொன்னார்.

"இங்க கழட்ட வேண்டியதில்லீங்கப்பா."

"கோயில்னா கோயில்தான், கண்ணு. நீங்க போய்ட்டு வாங்க. செருப்ப ஆராச்சும் பாத்துக்கோணுமில்ல?"

"இந்த ஊர்ல ஆருங்கப்பா செருப்பத் திருடறாங்க?"

"நம்மூர்க் கோயில்ல போன சோடி இன்னும் வரலியே!"

அவர் சிரித்தார், மகள் சிரிக்கவில்லை. "உள்ள வாங்கப்பா" என்று இருமுறை அழைத்தாள். மூன்றாம் முறை அழைக்காமல் உள்ளே திரும்பி நடந்தாள்.

யாரேனும் கையைப் பிடித்தால் எழுந்து வருவார் என்பது ஆத்தாயிக்குத் தெரியும். முப்பத்தேழு ஆண்டுகளாகப் பிடித்து இழுத்த கை அவளுடையதுதான். இந்த ஒருமுறையாவது தானாக வரட்டும் என்று அவளும் வீம்பாக உள்ளே போய்விட்டாள்.

உள்ளே வெறும் வெள்ளைச் சுவர்கள். ஓரத்தில், அந்தச் சபையைத் தொடங்கிவைத்த லூதரின் சிலை. சாமியைப்போல இல்லை, வாத்தியாரைப்போல இருந்தது. நித்யஸ்ரீ பீடத்தின் முன் நின்றாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தாள். ஆத்தாயி அங்கே போய் நிற்கவில்லை. அது அவளுக்கு விட்ட இடமன்று.

வெளியே வந்தபோது, இரண்டு சோடிகளும் நூல் பிடித்தாற்போல் வரிசையாக இருந்தன. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பின், நித்யஸ்ரீ தாயிடம் மட்டுமே பேசினாள். ஐப்பசி மழையில் அவருக்கு மீண்டும் நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக் கட்டிலில், ஆத்தாயி தானாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஏம்புள்ள" என்றார். "அவள இன்னொருக்கா, 'உள்ள வாங்கப்பா'ன்னு கூப்புடச் சொல்லு."