வியாழக்கிழமையில் ஒரு செயின் செட்

காலை எட்டு மணிக்கு விஷ்ராந்த்வாடியிலிருந்து கிளம்பினோம். தளேகாவுக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். பைக்கை ஓட்டியவள் கல்பனா. என்னோடு மெக்கானிக்கல் படித்தவள், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கோவையிலிருந்து விருந்தாளியாக வந்த நான் பின்சீட்டில். திங்கட்கிழமை தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். பைக்கில் போய்வர அவள் அம்மாவுக்குச் சம்மதமில்லை; ஒருமுறை போய்க் காட்டு, பிறகு பேசலாம் என்றிருந்தார்.

வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது கல்பனா. இந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அன்றுதான் வாரவிடுமுறை; சாலை காலியாக இருக்கும். அப்படியே இருந்தது. அவினாசி சாலையில் எந்த ஞாயிறும் எனக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில்லை.

பிம்ப்ரியில் மேம்பாலம் ஏறும்போது பின்னால் டக் டக் என்றது. ஆக்சிலரேட்டரைத் திருகியபோதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. ஓரங்கட்டிப் பார்த்தோம். செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டில் நின்றது; இனி இறுக்க இடமில்லை. பின் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது. பற்களோ ஒரே பக்கம் சாய்ந்து கொக்கிகளாகியிருந்தன. செயினை மட்டும் மாற்றினால் அந்தக் கொக்கிகள் புதியதையும் தின்றுவிடும். முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்த செட் வேண்டும்.

சாலை எதனால் காலியோ, அதனாலேயே கடைகளும் மூடிக் கிடந்தன.

கல்பனாவுக்குத் தெரிந்த ஆம்பூர் பாய் ஒருவரின் உதிரிபாகக் கடைக்கு வண்டியைத் தள்ளிப் போனோம். மாடியில்தான் வீடு. லுங்கியோடு இறங்கி வந்து பாதி ஷட்டரைத் தூக்கினார்.

“சுட்டி, லீவு நாள் அன்னிக்கு வந்து நிக்கிறியேம்மா. வண்டி வேலை பாக்குற மிஸ்திரி வரமாட்டான்.”

“பானா மட்டும் குடுங்க பாய். நான் போட்டுக்கறேன்.”

ஸ்பேனர் பெட்டியும் செயின் செட்டும் வந்தன. பழைய செயினைக் கழற்றாமலே, பல்சக்கரம் சுழலாதிருக்க நான் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டேன். அவள் முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தினாள். பின்சக்கரத்தைக் கழற்றி, புதிய பல்சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக இறுக்கினாள். செயினை இணைக்கும் கிளிப்பின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். அவசரமே இல்லாத கைகள். என் வண்டியை நான் ஒருநாளும் இப்படித் தொட்டதில்லை.

“எங்க மிஸ்திரின்னா இதுக்குள்ள ரெண்டு சாய் குடிச்சிருப்பான்,” என்றார் பாய்.

தளேகாவ் வரை வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஸ்டேஷன் அருகே நிறுத்தி, கல்பனா அம்மாவை அழைத்தாள். வழியில் எங்கேயாவது நின்றதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்று சொல்லிவிடுவாள் என நினைத்தேன்.

“நின்னுச்சும்மா. நானே சரி பண்ணிட்டேன்.”

லோனாவ்லா பக்கம் போகும் ரயிலின் சத்தத்தை மீறி அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

“வியாழக்கிழமையில மட்டும் வண்டிய எடுக்காத.”

கல்பனா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் சேரப்போகும் தொழிற்சாலைக்கும் வியாழக்கிழமைதான் விடுமுறை.