வியாழக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் மூன்று மொட்டை

கிறிஸ்தவர்கள் நடத்திய ஒரு ஜெபக் கூட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்ப்பதற்காக, எங்கள் வீட்டில் மூன்று பேரும் திருமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நடந்தது அதுதான்.

நகரியில் நான் தமிழ் மீடியத்தில் நான்காவது வரை படித்திருந்தேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். விசைத்தறி வேலை படுத்துவிட்டதும் நைனா டிரைவிங் கற்றுக்கொண்டு முதலில் சித்தூருக்கும், அங்கே சாமான்களைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் திருப்பதிக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போனார். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில், தெலுங்கு தெரியாதா, அப்படியென்றால் ஒன்றாம் வகுப்பில் உட்காரட்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். நான் நைனாவைப் பார்த்தேன், நைனா வாசலைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் வீட்டிலேயே கிடந்தேன். காலையில் தெருப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போகும்போது ஜன்னலில் நின்று பார்ப்பேன், பிறகு அம்மாவோடு சண்டை போடுவேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

நைனா கார் ஓட்டிய வீட்டு மேடம் வேலூர்க்காரர், கிறிஸ்தவர். அத்தனை பெரிய வீட்டில் இருந்துகொண்டும் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார். பாவம், இவர்களுக்கும் தெலுங்கு தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதே மாதிரி இன்னும் சில குடும்பங்கள் ஊரில் இருந்தன. வியாழக்கிழமை தோறும் எல்லோரும் மேடம் வீட்டு மாடியில் கூடுவார்கள். ஒரு அம்மா கணக்கு சொல்லிக்கொடுப்பார், ஒரு அப்பா இங்கிலீஷ். அதற்கு முன்னால் ஜெபம். பிள்ளையை மட்டும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக முடியாது, குடும்பத்தோடு சேர வேண்டும், குடும்பத்தோடு உட்கார வேண்டும். அது அவர்கள் ஏற்பாடு.

இந்தச் சங்கதியைக் கேட்டதும் அம்மாதான் நைனாவைப் பிடித்துக்கொண்டாள். காரணம் குவைத். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட இங்கே சம்பாதித்தால் ஆகாது, நானும் போகிறேன் என்று நைனா பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தன் புருஷன் பேசி அனுப்பிய கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். அது சுவர் தாண்டி வரும்போதெல்லாம் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

"மேடம் சும்மா சொல்லிக் குடுக்கறாங்களாமே, கேட்டுப் பாருய்யா. பொண்ணுக்குப் படிப்பு இங்கியே ஆயிட்டா நமக்கு எதுக்கு குவைத்து? கூழோ கஞ்சியோ மூணு பேரும் ஒண்ணாத் துன்னுகினு கிடக்கலாம்."

நைனா கேட்டார். மேடம் மற்ற குடும்பங்களோடு பேசிவிட்டு, சரி, வியாழக்கிழமை வாருங்கள் என்றார். அன்று நான் குதித்த குதிக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

நைனா உடனே எங்களை மலைக்குக் கிளப்பினார். வேண்டிக்கொண்டாராம், நடந்துவிட்டதாம். நைனாவுக்கும் எனக்கும் மழித்து முடித்துத் திரும்பினால், இடுப்பு வரை தொங்கும் பின்னலை அவிழ்த்துவிட்டு அம்மாவும் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எதுக்குடி?" என்று நைனா பதறினார்.

"எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்குது" என்றாள். அவ்வளவுதான்.

தலையில் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்து படுத்து எழுந்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"அய்யய்யோ, இந்தக் கோலத்துல போனா நம்மள சேத்துக்குவாங்களா?"

"திருப்பதில மொட்டையப் பாக்காதவங்களா அவங்க?" என்றார் நைனா.

அம்மா கேட்கவில்லை. எனக்கு ஒரு ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டினாள். நைனாவுக்குத் துண்டால் தலைப்பாகை. அவள் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். போகும் வழியெல்லாம் எனக்கு ஸ்கார்ஃபுக்குள் அரித்தது. சொறியாமல் இருக்க அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாடியில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். ஜெபம் என்றதும் பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள், சின்னப் பெண்கள் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்கு முகத்தில் உயிர் வந்தது. அந்தக் கூட்டத்திலேயே அடக்கமான கிறிஸ்தவப் பெண்மணியாக அப்போது அவள்தான் தெரிந்தாள்.

மேடத்தின் வீட்டுக்காரர் நைனாவின் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே, ஜெபத்துல ஆம்பளைங்க தலையில துணி இருக்கக் கூடாது."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்தார். சந்தனம் அப்படியே மஞ்சளாக இருந்தது. ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டு அவன் அம்மாவிடம் கிள்ளு வாங்கினான்.

"மலைக்கா போயிட்டு வந்தீங்க?" என்றார் மேடம்.

மாட்டிக்கொண்டால் நைனாவுக்குப் பொய் வராது. "ஆமா மேடம். பாப்பாவ நீங்க சேத்துக்கினா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன். சேத்துக்கினீங்க. போடாம இருக்கலாமா?"

"எங்க ஜெபத்துல சேர்றதுக்கு அங்க போய் வேண்டிக்கிட்டீங்களா?" என்றார் மேடத்தின் வீட்டுக்காரர். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"அதுக்கு மட்டும் இல்ல சார், குவைத்து விசாவுக்கும் சேத்துதான். அதுவும் வந்துட்ச்சி. பொண்ணு படிப்புக்கும் உங்களாண்ட வழி ஆயிட்ச்சா, இனிமே நான் நிம்மதியா கிளம்பலாம்." நைனாவின் முகம் மலர்ந்திருந்தது.

விசா வந்த கதையே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். என் கைகளைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி விட்டுப்போனது. முக்காடும் நழுவியது.

"நீங்களுமா அக்கா? நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

"அது இன்னும் நடக்கல மேடம்." அம்மா முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் ஜன்னல்தான் என்று நினைத்து நான் ஸ்கார்ஃபை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மேடம்தான் பேசினார். "நாங்களும் புதுசா ஒரு குடும்பம் வரணும்னு ஜெபிச்சுக்கிட்டுதான் இருந்தோம். யாரு கேட்டு வந்தீங்கன்னு கர்த்தருக்குத் தெரியும். வந்துட்டீங்க, இருங்க. முதல்ல அண்ணன் நல்லபடியா குவைத் போய்ச் சேர எல்லாரும் ஜெபிப்போம்."

எல்லோரும் எழுந்து நின்று நைனாவுக்காக ஜெபித்தார்கள். நல்ல எஜமான் அமைய வேண்டும், விமானம் பத்திரமாக இறங்க வேண்டும், பல வருஷம் அங்கே நிலைக்க வேண்டும். அம்மா முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு ஆன்ட்டி அவள் முதுகைத் தடவி, "அழுங்க அக்கா, கர்த்தர் உங்களத் தொட்டுட்டார்" என்றார். மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், சத்தமாக.

திரும்பி வரும்போது ஸ்கார்ஃபை அவிழ்த்து வீசி வீசி நடந்தேன். காற்று மொட்டையில் பட்டுச் சுகமாக இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. நைனாவுக்குக் கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டது. அம்மாதான் அவசரக்குடுக்கை, நடப்பதற்கு முன்னாலேயே அவ்வளவு முடியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எப்படி வேண்டிக்கொள்வது என்று நைனா ஊருக்குப் போவதற்குள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளம்மா என்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.