மையவாடியை விட்டு வௌவால்கள் போன விதம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுக்கும் சாமான் துண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பாடசாலைக்கு அனுப்பிய கடிதமும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. கலியாண வீட்டில்கூட குசினிப் பக்கம்தான் நான் இருப்பேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்குக் காரணம், ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்காமல் எழும்பி வந்ததுதான். அது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

சண்டை முடிந்த பிறகு எங்கள் கரைக்கு ஆட்கள் பயமில்லாமல் வரத் தொடங்கினார்கள். கண்டக்குழியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகள் வந்தன. டொல்பின் பார்க்க வந்தார்கள், பறவை பார்க்க வந்தார்கள், கடைசியில் வௌவால் எண்ணவும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஊர்ப் பாடசாலையில் கூட்டம் வைத்து, ஊர் மக்கள் கூட நின்றால்தான் வௌவால்களைக் கணக்கெடுக்கவும் காப்பாற்றவும் முடியும் என்று அழகாக விளக்கினார்கள். பிறகு, உங்கள் மையவாடி மரங்களில் ஒரு காலத்தில் ஏராளமாகத் தொங்கினவாமே, ஏன் போய்விட்டன என்று கேட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். "அது அந்தக் காலத்துல பொம்புளப் புள்ளைகள் உள்ளுக்குப் போய்ச் சத்தம் போட்டுத் துரத்தினது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வந்திருந்த பிள்ளை ஒருத்தி அதைக் குறித்தும் கொண்டாள். எழும்பியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பொம்புளப் பிள்ளைகளில் ஒருத்தி பின்வரிசையில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அது நான்தான்.

மையவாடி என்பது எங்கள் மௌத்தானவர்களை அடக்கும் இடம். எங்கள் ஊர் மையவாடி பள்ளிவாசலுக்குப் பின்னால், களப்பு என்று நாங்கள் சொல்லும் கடலேரிப் பக்கமாக இருக்கிறது. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்து குடியேறுவதற்கு முன்பு, ஊர் இதில் கால்வாசியாக இருந்த காலம் அது. மையவாடிக்குள் பெரிய இலுப்பை மரங்களும் இரண்டு புளிய மரங்களும் நின்றன. பகல் முழுவதும் அவற்றில் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். இரவில் இலுப்பைப் பழம் தின்னும். சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பிவிடும். கைபடாமல் சுத்தம் செய்த கொட்டை. அதைப் பொறுக்கி, காய வைத்து, உடைத்து, செக்கில் கொடுத்தால் எண்ணெய். முன்னேஸ்வரத்துக் கோயில் விளக்குக்கென்று அங்கிருந்து ஒரு கிழவர் வந்து வாங்கிப்போவார். எங்கள் மையவாடிக் கொட்டை அவர்கள் சாமிக்கு முன்னால் எரிந்தது. அதைப் பற்றி அந்த நாளில் யாரும் ஒரு கதையும் கதைக்கவில்லை.

அந்த எண்ணெய்க் காசு பெண்களுடையது. உப்பளத்துச் சம்பளம் வாப்பாவுடையது, அது அரிசிக்கும் சீனிக்கும் போய்விடும். எனக்கும் எனக்கு மூத்த ராத்தாவுக்கும் பெருநாள் உடுப்பு, ஓதப் போகிற பிள்ளைக்கு முக்காட்டுச் சீலை, உம்மாவுக்கு யாரிடமும் கை நீட்டாமல் மருந்து வாங்குகிற தைரியம், எல்லாம் வௌவால் துப்பியதில் இருந்துதான் வந்தன.

பெரிய பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அது ஊர் வழக்கம். வயதுக்கு வராத பிள்ளைகள் போகலாம். ஆகவே விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மாமார் கடகங்களோடு வேலிக்கு வெளியே நிற்க, நாங்கள் நாலைந்து சிறுமிகள் உள்ளே போவோம். செருப்பில்லை, கதையில்லை, தலையில் முக்காடு. உள்ளே கால் வைக்கும்போது வாய்க்குள்ளேயே ஸலாம் சொல்ல வேண்டும். "மௌத்தாப் போனவங்களுக்குக் காலடிச் சத்தம் கேக்கும், பூனை மாதிரி நட" என்று உம்மா சொல்லி அனுப்புவார். நாங்கள் அப்படித்தான் நடந்தோம். தலைக்கு மேலே வௌவால்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு கன்னத்தைச் சொறிந்துகொண்டிருக்கும். ஒன்றும் பறந்ததில்லை. இதை நான் அடித்துச் சொல்கிறேன். ஒரு நாளும் ஒன்றும் பறந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், கொட்டை விழுகிற காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு மாத்தயா வந்தார். சிங்கள ஐயாமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வௌவால் எண்ண வந்தவர். சிங்களம் மட்டும் பேசுவார். ஊரில் நல்ல சிங்களம் தெரிந்தவர் என் மாமா, உம்மாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர். சிலாபத்துக்குத் தேங்காய் ஏற்றிப் பழகியவர், பள்ளிவாசல் நிருவாகத்திலும் ஒருவர். ஆகவே மாத்தயா மாமாவின் விருந்தாளியானார்.

மாமாவுக்கு விருந்தாளி என்றால் பைத்தியம். கற்பிட்டியிலிருந்து பெரிய மீன் வந்தது. அலுமாரியில் இருந்த பூப்போட்ட பீங்கான் இறங்கியது. உதவிக்கு உம்மா போனார், பின்னால் நானும் போனேன். "உங்கட காக்காக்கு விருந்தாளி வந்தா எங்களையும் பொரிச்சு வெச்சிடுவார்" என்று மாமி அடுப்படியில் முணுமுணுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாத்தயா தன் வேலையை விளக்கினார். மாமா எங்களுக்கும் கேட்கட்டும் என்று பெருமையாகத் தமிழில் சொன்னார். பொழுது படும்போது வௌவால்கள் இரை தேடக் கிளம்புமாம். அப்போது நாலு பக்கமும் ஊர் ஆட்கள் நின்று எண்ண வேண்டுமாம். ஊர் மக்கள் சேர்ந்தால்தான் இது சரிவருமாம். மாமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

இங்கேதான் சிக்கல். பொழுது படுகிற நேரம் மஃரிபுத் தொழுகை. அந்த நேரத்தில் ஊரின் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குள் நிற்பார்கள். நிருவாகத்தில் இருக்கிறவர் தொழுகையை விட்டுவிட்டு வௌவால் எண்ண முடியாது. உண்ட விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லவும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது.

உம்மா திரைக்குப் பின்னால் நின்றபடி குரல் கொடுத்தார். "காக்கா, ஆம்புளைகள் தொழப் போனா என்ன. நாங்க கொஞ்சம் சுணங்கித் தொழுவம். வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்துச் சொல்றம் எண்டு மாத்தயாக்கிட்டச் சொல்லுங்க."

மாமா மாத்தயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாத்தயா சிரித்து, முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பையின் வாயைக் கையால் மூடிக் காட்டினார். மாமா திரைப் பக்கம் திரும்பி, "மாத்தயா வேணாமாம்" என்றார்.

நான் திரையின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால்தான் மனிதர்கள் கோப்பையை மூடுவார்கள். வௌவால் எண்ணவா என்று கேட்டால் ஏன் மூட வேண்டும்? உம்மாவுக்குத் திரைக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. முகம் சிறுத்துப்போய் அடுப்படிக்குத் திரும்பினார். மாமா மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுக்கட்டும். அந்தக் கோப்பையை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மாமா மாத்தயாவை மையவாடிக்குள் அழைத்துப் போனார். கூடவே ஊரில் பாதி ஆண்களும் போனார்கள். ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை. உம்மாவும் மற்றப் பெண்களும் தூரத்தில் வேலி ஓரமாக நின்றார்கள். நான் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வௌவால் மஃரிபுக்கு எழும்பினால் தொழுகையோடு முட்டுகிறது. அஸருக்குப் பிறகே எழுப்பிவிட்டால் மாத்தயாவும் எண்ணலாம், ஊரும் தொழலாம். கலியாண வீடொன்றில் மிஞ்சிய சீனவெடிச் சரத்தை இலுப்பை மரத்தடியில் தொங்கவிட்டிருந்தார். அவர் கையைக் காட்டினதும் ஒருவர் கொளுத்தினார்.

மாத்தயா மாமாவைப் பார்த்து ஏதோ கத்தினார். வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாமா வானத்தைக் காட்டி, எண்ணுங்கள் எண்ணுங்கள் என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவாடு காயப்போட்ட சாக்குகள் எல்லாம் ஒரேயடியாகக் காற்றில் கிளம்பியது போல வானம் மூடியது. அது தாய் வௌவால்கள் குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு திரிகிற காலம். வெளிச்சத்தில் அவை மரத்திலும் ஒன்றிலொன்றும் மோதின. மீன் வாடிப் பக்கத்துக் காகங்கள் கூட்டமாக வந்தன. குட்டிகள் விழுந்தன. ஒரு குட்டி, கபுர் மேடு ஒன்றின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கட்டையைத் தாய் என்று பற்றிக்கொண்டு அதில் ஏறப் பார்த்தது. ஆண்கள் முதலில் ஆரவாரித்தார்கள். பிறகு சத்தம் அடங்கியது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எல்லாரும் தொழப் போய்விட்டார்கள். மாத்தயா மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வௌவால்கள் களப்புக்கு அப்பால் போயின. அன்று ராவும் வரவில்லை, அடுத்த ராவும் வரவில்லை. காலையில் நாங்கள் உள்ளே போனபோது இலுப்பைப் பழங்கள் முழுசாக விழுந்து அழுகி, எறும்பு மொய்த்துக் கிடந்தன. முன்னேஸ்வரத்துக் கிழவர் வந்து வெறும் போத்தலோடு திரும்பினார்.

கொஞ்ச நாளில் மாத்தயா ஒரு பலகையோடு திரும்பி வந்தார். வௌவாலைத் துன்புறுத்தாதே என்று அதில் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருந்ததாம். தமிழில் இல்லை. அதை வாசிக்க வேண்டியவர்கள் யாரென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். வௌவால் ஏன் திரும்பவில்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து அவர் கேட்டிருக்கிறார். வெடி ஒரு நாள்தான், அது பெரிதில்லை என்று மாமா சொன்னாராம். சின்னப் பொம்புளப் பிள்ளைகள் நாள் தவறாமல் உள்ளே போய்ச் சத்தம் போடுகிறார்கள், அதனால்தான் அவை குழம்பிக் கிடந்தன, இனிமேல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடமாட்டோம் என்று வாக்கும் கொடுத்தாராம். பிறகு அதையே தமிழில் ஊருக்கும் சொன்னாராம். ஊரைச் சேர்த்து வௌவாலைக் காப்பாற்றியாயிற்று.

வாப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. உம்மா முந்தி உடைத்து வைத்த கடைசிக் கொட்டைகளைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா வெடி போட்டது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கல்லையா?"

"மாத்தயாக்கு முன்னால அதை எப்படிச் சொல்ற?"

"எங்கட புள்ளையப் பத்தி மட்டும் சொல்லலாமா?"

வாப்பா கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் நான் நம்பிவிட்டேன். மாமா பெரிய மனிதர், பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொன்னது பொய்யாக இருக்க முடியாது. நாங்கள் ஏதோ செய்துதான் இருக்க வேண்டும். படுக்கையில் கிடந்து ஒவ்வொரு காலையாக யோசித்தேன். அப்போது ஞாபகம் வந்தது. ஒரு நாள் புளிய மரத்தடியில் எனக்குத் தும்மல் வந்தது. முக்காட்டால் வாயைப் பொத்தினேன், என்றாலும் கொஞ்சம் சத்தம் கேட்டது. நான்தான் என்று தெரிந்துவிட்டது.

எழும்பிப் போய் உம்மாவிடம் சொன்னேன். உம்மா சுளகை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். என் ஆயுளில் உம்மா என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான்.

"இனி இந்தக் கதை உன்ட வாயால வரப்படாது" என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

அந்த அடி தும்மலுக்கு விழுந்தது என்று நினைத்தேன். என் குற்றத்தை ஊருக்குக் காட்டாமல் உம்மா மறைக்கிறார் என்றும் நினைத்தேன். உம்மாவுக்காக அதைக் கட்டிக் காத்து, வளர்ந்து கலியாணம் முடித்த பிறகும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. உம்மா சொல்லவேண்டாம் என்றது என் தும்மலை அல்ல, மாமா கட்டிய அந்தப் பொய்யை என்பது விளங்கியபோது, கேட்க உம்மா இல்லை.

நான் அறை வாங்கிய மறுநாள் காலை, பிள்ளைகள் நுழையாதபடி மையவாடியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். வாப்பாவும் போய் இரண்டு கம்பம் நட்டுவிட்டு, உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்.