மாமா நேர்ந்துகொண்ட மொட்டை

என் மாமாவுக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாமாவின் தலையில் நேர்ந்துகொள்கிற அளவுக்கு முடி இருந்திருந்தால் இந்தச் சங்கதியே நடந்திருக்காது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலேசியாவின் கிள்ளானில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். ஒரு காற்பந்துக் குழுவுக்கு வேன் ஓட்டுவது அவர் வேலை. ஆட்டக்காரர்களைத் திடலுக்கும் டாக்டரிடமும் விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுவார், திரும்பக் கூட்டிவருவார். ஆனால் வீட்டில் பேசும்போது மட்டும், இந்த வாரம் பின்னால் ஐந்து பேரை நிறுத்துகிறோம், வலது பக்கமாக ஏறி அடிக்கப் போகிறோம் என்றெல்லாம் 'நாங்கள்' போட்டுத்தான் பேசுவார். இந்தத் திட்டமெல்லாம் பயிற்சியாளருக்குத் தெரியுமா என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு மாமா வேனைக் கழுவப் போய்விட்டார்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் அந்தக் குழுவுக்குப் போர்ச்சுகலிலிருந்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் வந்து சேர்ந்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது. மாமா சும்மா இருப்பாரா? யார் யாரிடமோ பேசி அவரை அங்கேயே குடிவைத்துவிட்டார். ஒரே வாரத்தில் தாமான் முழுக்க அவருக்குப் 'போர்ச்சுகல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. மாமாவுக்கு அவர் பாஸ், அம்மாவுக்கு அந்தத் தம்பி, எனக்கு அங்கிள். ஆறடிக்கு மேல் உயரம். தோளைத் தொடுகிற கருகரு முடியை ரப்பர் பேண்ட் போட்டுப் பின்னால் கட்டியிருப்பார். தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார் என்று கேட்டு வரச் சொல்லி அம்மா என்னை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையை மாமா வாயால் கேட்க வேண்டும். கடலோர ஊரில் மீன் பிடிக்கிறவர் மகன். பதினேழு வயதில் உள்ளூர் மூன்றாம் பிரிவுக் குழுவில் சேர்ந்து, அங்கிருந்து இரண்டாம் பிரிவு. ஒரு பருவம் பெரிய குழு ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிப் பதினோரு நிமிடம் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சைப்ரஸ், ருமேனியா, அங்கோலா என்று ஆண்டுக்கொரு ஊராகச் சுற்றி, முப்பத்து மூன்று வயதில் கிள்ளானுக்கு வந்திருந்தார். மாமா சொல்லச் சொல்ல அந்தப் பதினோரு நிமிடம் அரை மணி நேரமாகி, அந்த வருஷக் கடைசிக்குள் முழு ஆட்டமாக வளர்ந்துவிட்டது.

யூடியூப்பில் அவர் ஆட்டத்தைத் தொகுத்து யாரோ நாலு நிமிடப் படம் போட்டிருந்தார்கள். நான் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தேன். ஒரு கோல்கூட இல்லை. யாரோ ஓடி வருவார்கள், இவர் குறுக்கே நிற்பார், பந்து வெளியே போய்விடும். இதற்கா இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு ஏமாற்றமாகப் போனது.

ஆனால் வீட்டுப் பின்சந்தில் அவரை எதிர்த்து விளையாடிப் பார்த்தபோதுதான் சங்கதி வேறு என்று தெரிந்தது. பள்ளி விட்டு வந்ததும் நான் பின்சந்துச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் சமையலறைக் கதவைத் திறந்து வந்து பந்துக்கும் சுவருக்கும் நடுவே நின்றார். பந்தைப் பிடுங்கவில்லை, காலை நீட்டவுமில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் இப்படியே போகும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாமான் பையன்கள் பெண்பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். என்னை ஓர் எதிராளியாக மதித்துக் குறுக்கே நின்ற முதல் ஆள் அவர்தான். அவரை ஒருநாளாவது தாண்டிவிட வேண்டும் என்பதற்காகவே நான் பள்ளியிலிருந்து ஓடி வருவேன்.

பருவத்தின் நடுவில், மழை பெய்து சொதசொதவென்று கிடந்த திடலில் அவருக்கு வலது முட்டி திரும்பிவிட்டது. டாக்டர் நாலு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் எழுந்து ஓடினால் சரி, இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆள் கொண்டுவரப் போகிறார்கள் என்று மாமா வந்து சொன்னார். குழுவும் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாமா பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். பாஸ் முட்டி சரியாகித் திரும்ப ஆடினால் மொட்டை போடுவதாக நேர்த்தி. அம்மா மாமாவின் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, யார் மொட்டை என்று கேட்டார். பாஸ்தான் என்றார் மாமா. தன்னிடம் இல்லாததைத் தான் எப்படிச் சாமியிடம் வாக்குக் கொடுக்க முடியும், அது ஏமாற்று வேலை இல்லையா என்றும் நியாயம் பேசினார். அவரிடம் கேட்டாயா என்று அம்மா கேட்டதும் மாமா வேன் சாவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைச்ச கதையா இருக்கு லா, ஒன் கதை" என்றார் அம்மா.

நாலாவது வாரக் கடைசியில் அவர் திடலில் இறங்கிவிட்டார். முட்டியைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. இரண்டு ஆட்டம் வென்றோம், ஒன்று சமநிலை. டாக்டர் பேரையே மாமா எடுக்கவில்லை. முருகன் கைவைத்த முட்டி என்று பாசாரில் மீன் விற்கிறவர் வரைக்கும் சொல்லி வைத்தார். மொட்டைப் பேச்சை மட்டும் அடுத்த வெள்ளி, அடுத்த கிருத்திகை என்று தள்ளிக்கொண்டே போனார். அவ்வளவு நல்ல முடி. எப்படிக் கேட்பது?

அப்புறம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் அவர் நொண்டியதை நானே பார்த்தேன். சாமிக்கு வைத்த நேர்த்தி பாக்கி நிற்கிறது, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் ஒன்றுதான் மீதி. அதில் தோற்றால் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், பாஸும் ஊருக்குப் போய்விடுவார். வீட்டில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிறவள் நான்தான் என்பதால் தகவல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அவரைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவார். அவர் ஊர் மாதாவின் பேரிலேயே இங்கே ஒரு கோயில் இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் மாமாதான். பூசை முடிந்ததும் பக்கத்தில் வாழை இலைச் சாப்பாடு. அந்த ஞாயிறு நானும் போனேன். இலை போட்டு, சோறு விழுந்து, ரசம் வரைக்கும் வந்தாயிற்று. மாமா கை கழுவ எழுந்து போனவர் குழாயடியிலேயே நின்றுகொண்டார். ஒரு மனிதர் அவ்வளவு நேரம் கை கழுவி நான் பார்த்ததில்லை.

இவர் முடியாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அங்கிள், யுவர் ஹேர்... காட் வான்ட்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எந்தக் காட் என்று கேட்டார். முருகன் என்றேன். முருகன் எதற்குத் தன் முடியைக் கேட்கிறார் என்றார். நான் குழாயடியைக் கை காட்டினேன். மாமா ஆஸ்க், காட் சே ஓகே, நவ் யுவர் நீ ஓகே என்று முட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே கையை விட்டு வலது முட்டியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். சாமி செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாக ஒரு கதை சொன்னார். ஒன்பது வயதில் அவருக்குக் கடும் காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவதாக அவருடைய அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டான். ஆனால் அந்தக் கோயில் தூரம், இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனதில் பிள்ளை வளர்ந்துவிட்டான். பதினான்கு வயதில், தன்னைவிட ஒரு முழம் உயரமான மகனையும் அவன் உயர மெழுகுவத்தியையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோக அந்த அம்மா பட்ட பாட்டைக் கையால் அளந்து காட்டினார்.

"வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது, வளர்ந்துடும்" என்று அவருடைய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, குழாயடிப் பக்கம் திரும்பி மாமாவைக் கூப்பிட்டார். நாளைக்கே போகலாம் என்றார். மாமா ஈரக் கையோடு அப்படியே நின்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பத்துமலையில் மொட்டை அடிக்கிற இடத்தில் எல்லாரும் தாழ்வான பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பலகையைப் பார்த்துவிட்டு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். வெள்ளைக்காரர்களுக்குச் சம்மணம் வராது என்று மாமா எல்லாருக்கும் விளக்கம் சொல்லி, பூக்கடையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிவந்தார். முடி இறங்கியது. உள்ளே இருந்த தலை வெளேர் என்று, புதுசாகப் பிறந்த பிள்ளைத் தலை போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அது துக்கத்தில் இல்லை. முட்டி இனிமேல் அவர் முட்டிதான், யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்ற நிம்மதி. மாமாவும் மரியாதைக்காக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஒங்களுக்கு நான் என்னத்தண்ணே எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, முடி எடுப்பவர் காதோரம் ஒரு வட்டம் வழித்துவிட்டார்.

அவர்கள் தலையில் சந்தனம் பூசிக்கொண்டதும் மூன்று பேரும் படி ஏறினோம். அங்கிள் ஏறுவது ஒரு மாதிரியாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் முதலில் இடது காலை வைப்பார், பிறகு வலது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்ப்பார், பிறகு மறுபடியும் இடது கால். ஒரு கை மாமாவின் தோளில். இறங்கும்போது இதையே மாற்றி, வலது காலை முதலில் இறக்கினார். அவர்கள் ஊர்க் கோயில்களில் இப்படித்தான் ஏறி இறங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் அச்சாக அதேபோல ஏறினேன், அதேபோல இறங்கினேன். என் கால்களை அவர் பார்த்தார். முகத்தில் ஏதோ வந்து போனது. என் தலையில் கைவைத்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கினார்.

கடைசி ஆட்டத்தில் மொட்டைத் தலை வெயிலில் பளபளக்கத் தொண்ணூறு நிமிடமும் நின்றார். கோல் எதுவும் விழவில்லை. அந்த ஒரு புள்ளியில் குழு தப்பித்தது. பருவம் முடிந்ததும் அவர் ஊருக்குக் கிளம்பினார், ஆட்டத்தை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு. வயதாகிவிட்டது என்றார், நாங்களும் நம்பினோம். இப்போது அவர் ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தீபாவளிக்கு மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். முடி பழையபடி வளர்ந்துவிட்டது, கொஞ்சம் நரையோடு.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை பத்துமலைக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஏறியதைப் போலவே ஏறி, அவர் இறங்கியதைப் போலவே இறங்குவேன். அது எனக்கு ஒரு வழிபாடாகவே ஆகிவிட்டது. நானும் தற்காப்பு ஆட்டக்காரிதான், பெண்கள் குழுவில். போன மாதம் ஓர் ஆட்டத்தில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது சுபாங் ஜெயாவில் பிசியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் அங்கே மரத்தில் செய்த நாலு படியைக் காட்டி, கால் வைக்கும் முறையைச் சொல்லித்தரப் போவதாகச் சொன்னார் பிசியோ அக்கா. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஏறி இறங்கிவிட்டேன்.

"ஏறுறப்ப நல்ல கால், எறங்குறப்ப வலிக்கிற கால். சரியா செய்றீங்களே, யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலி, மேசைக்குக் கீழே போன கை, மாமாவின் தோள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அந்த முட்டி சரியாகவே இல்லை. வலியை அடக்கும் ஊசியிலும் டேப்பிலும்தான் அவர் அந்தப் பருவத்தை ஓட்டியிருக்க வேண்டும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும், குழாயடியில் நின்ற மனிதருக்காக முடியைக் கொடுத்துவிட்டு, வலிக்கிற காலோடு அத்தனை படியும் ஏறியிருக்கிறார். பக்கத்தில் அதை வழிபாடு என்று நினைத்துக்கொண்டு நான் ஏறியிருக்கிறேன்.

மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. நேற்று அவர் என் கட்டிலோரம் உட்கார்ந்து, முட்டி சரியாகித் திரும்ப ஆடினால் ஒரு மொட்டை நேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். இந்த முறை என்னைக் கேட்டுவிட்டுச் செய்கிறாராம். தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள் மாமா என்றேன். சரியாகாவிட்டாலும் போட்டுக்கொள்வேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.