திலகம் டீச்சரின் பாதி அளவு

திலகம் டீச்சர் வாழப்பாடிக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். அன்று மாலை திரும்புவதாகச் சொல்லியிருந்ததால், இருவருக்கான அரிசியை ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பிதான் அழைத்தார். "அக்கா காலையில தவறிட்டாங்க டீச்சர். நெஞ்சுவலி." நானோ, "சரிங்க, சாயந்திரம் பஸ்ஸுக்கு வந்துருவாங்களா?" என்று கேட்டேன். அவர் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

சேந்தமங்கலத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும், நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். பின்னம் என்றாலே பின்னங்கால் பிடரியில் பட ஓடுகிறவள் நான். அவருக்கோ சமையலே பின்னம்தான். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அவருடைய அம்மா சொன்ன அளவு நான்கு பேருக்கானது: ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு. எங்களுக்கு அதில் பாதி. "முக்கால் அரிசி, கால் பருப்புங்க. இதுக்குப் போயி எதுக்கு முழிக்கறீங்க?" என்பார்.

ஒருநாள் பள்ளியில் அந்தப் பாதியைச் சொல்லி என்னை முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார். அதுதான் நான்கு பேருக்கான அளவென்று நினைத்து, நான் வீட்டில் மறுபடியும் பாதியாக்கினேன். முக்காலில் பாதி, காலும் அரைக்காலும் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிட்டது. டீச்சர் குக்கரைத் திறந்து பார்த்தார். "ஏனுங்க டீச்சர், பாதியையும் பாதியாக்கிப்போட்டீங்களா? இது ஒரு ஆளுக்குத்தானுங்க காணும்!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. நெய்யை மட்டும் தாராளமாக ஊற்றிப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அன்று பசித்ததாக எனக்கு நினைவே இல்லை.

வகுத்தலில் மீதி வந்து திருதிருவென விழிக்கும் பிள்ளைகளிடம், "மீதி வந்தா என்ன சாமி? மூடி வை, யாராச்சும் வருவாங்க" என்பார். கணக்குக்கும் இந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம்? அப்போதே கேட்டிருக்கலாம். இப்போது கோபம்தான் வருகிறது.

கருமாதி முடிந்து வந்து முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன். ஒருத்திக்கு நாலில் ஒன்று. காலும் அரைக்காலும் அரிசி, அரைக்கால் பருப்பு. அன்றைய என் தப்புதான் இன்றைக்குச் சரியான அளவு. விரல்விட்டுத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அன்று எங்கள் இருவருக்கும் போதுமாயிருந்த அதே சாதம், இன்று நான் ஒருத்தி சாப்பிட்டும் மீந்துவிட்டது.

எங்கே தப்புச் செய்தேன் என்று கேட்க ஆள் இல்லை. டீச்சர், உங்கள் கணக்கு எதுவும் என்னிடம் தங்கவில்லை. அந்த ஒரு பழக்கம்தான் தங்கியிருக்கிறது. மீதியை மூடி வைத்திருக்கிறேன். யார் வருவார்கள் என்றுதான் தெரியவில்லை.