ஆறாயிரமும் ஒரு மாடிப்படியும்

என் அத்தானுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது. அதற்குச் சம்பளம் உண்டு. மற்றது, இன்னும் கடைக்கே வராத கணினிச் சிப்புகளைப் பற்றி நேரில் பார்த்துவிட்டு வந்தவரைப் போலப் பேசுவது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் முதல் வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறாரே தவிர, இரண்டாவதற்கு ஒரு நாளும் போட்டதில்லை.

லென்ஸை ஃபிரேமுக்குள் உட்கார வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு முடியளவு கூடினாலும் ஃபிரேம் ஏற்காது. ஒரு முடியளவு குறைந்தால் லென்ஸ் கழன்று காபிக்குள் விழும். இவ்வளவு அளவு பார்க்கிற மனிதர், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினாரோ இல்லையோ, அளவு என்ற சொல்லையே மறந்துவிடுவார். சிப்பைச் செய்தவன் அது ஓட வேண்டிய வேகத்தைப் பெட்டியிலேயே அச்சடித்து, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அனுப்புகிறான். அத்தான் வகையறா அங்கேதான் ஆரம்பிப்பார்கள். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, சூடு ஏறினால் தண்ணீர்க் குழாய் சுற்றி ஆற்றி, மூச்சு முட்டி நிற்கும்வரை அதை விரட்டுவார்கள். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அக்கா வைத்திருக்கும் பெயர் வேறு. அதை அச்சில் போட முடியாது.

இப்படிப்பட்டவர்கள் முந்நூறு பேர் ஒரு இணையக் குழுவில் இருக்கிறார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் பட்டப்பெயர். போன வருடம் அடுத்த தலைமுறைச் சிப்பைப் பற்றி முதல் தகவல் கசிந்தது. கசிந்தது என்றால், யாரோ ஒருவர் கை நடுங்க எடுத்த ஒரு படம். எனக்கு அது கருகிய பிஸ்கட் மாதிரி தெரிந்தது. அத்தான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே குழுவில் எழுதினார்: "புதுசு ஆறாயிரம் மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொடும். எழுதி வெச்சுக்குங்க."

எழுதி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் ஆறாயிரம். தெர்மாமீட்டர் என்று ஒருவர், யார் என்ன சொன்னாலும் சூடு எவ்வளவு என்று கேட்பவர், "ஐயாயிரத்து எழுநூறுக்கு மேல போகாது, கனவு காணுங்க" என்று பதில் போட்டார். அவ்வளவுதான். பதினோரு மாதம் அக்கா வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி நாள் எண்ணினதில்லை" என்றாள் அக்கா ஒரு நாள்.

"கல்யாணத்துல எதிர்பார்க்க என்ன இருந்துச்சு? நீதான்னு முன்னாடியே தெரியுமே" என்றார் அத்தான். பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா வீட்டிலிருந்தே ஓர் இன்ஜினியருக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். இருபது வருடமாக. ஒரு ஜன்னலை நாலு விரல் தள்ளிப் போட்டாள் என்றுகூட இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் கணினியைத் தொடமாட்டேன் என்று அத்தான் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு, இன்ப அதிர்ச்சி தருகிறேன் பேர்வழி என்று அவளுக்குத் தெரியாமல் அவள் கணினியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். ஒரு பள்ளிக்கூட வரைபடத்தின் நடுவில் அது புகைந்து அணைந்தது. அதிர்ச்சி வந்தது, இன்பம் வரவில்லை. "இனிமே என் பெட்டி மேல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள் அக்கா. அவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

புதுச் சிப் வந்த அன்று கணினிக் கடைக்கு நானும் போயிருந்தேன். அக்காவுக்கும் புதுக் கணினி தேவைப்பட்டதால் எல்லாமே ஒரே மாதிரி இரண்டு செட். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒரு சிப் மாதிரி இன்னொன்று இருக்காதாம். ஒன்று பறக்கும், ஒன்று படுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது எது என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் பெட்டியில் இருக்கிற தயாரிப்பு எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அத்தான் கவுண்டரில் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. கடைசியில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றதை என்னிடம் நீட்டினார்.

"இது உங்க அக்காவுக்கு. அவளுக்குக் கோடு போடத்தானே, இது போதும்."

வீட்டுக்கு வந்ததும் தன் காலிப் பெட்டியை ஷோகேஸில் வைத்தார். அக்கா தன் காலிப் பெட்டியில் அழிரப்பரும் பென்சிலும் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

அத்தானுடைய சிப் ஐயாயிரத்து எழுநூறில் நின்றது. தெர்மாமீட்டர் சொன்ன அதே எண்ணில், சொல்லி வைத்த மாதிரி. மூன்று வாரம் அதைப் போட்டு வாட்டினார். மின்சாரத்தை ஏற்றினார். ஜன்னல் ஓரம் நகர்த்தினார். ஹாலில் இருந்த மேஜை விசிறியைப் பிடுங்கி அதற்கு வைத்தார். நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது அசையவில்லை. குழுவில் "ஆறாயிரம் சார், எங்கே இருக்கீங்க?" என்று தினமும் ஒருவர் கேட்டார். மனிதர் பாதியாகிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். "என் பெட்டில விசிறி கிறுகிறுங்குது, என்னன்னு பாருங்க. விசிறியை மட்டும்."

விசிறியை மட்டும்தான் தொட்டார். கண்ணைக் கட்டிக்கொள்ள முடியுமா? திரையில் ஒரு எண் தெரிந்தது. பெட்டியில் எழுதிய வேகத்துக்கு அவருடைய சிப் குடிப்பதைவிட ரொம்பக் குறைந்த மின்சாரத்தில் அக்காவின் சிப் அதே வேகத்தில், அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குறைவாகக் குடிப்பதுதான் விரட்டினால் உயரப் பறக்கும்; முந்நூறு பேர் தேடிக்கொண்டிருந்த சிப் அதுதான். அதில் அக்கா ஒரு கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஒரு மனையை அளக்கப் போயிருந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நான் ஏணி இரவல் கேட்க வந்தேன். அத்தான் கதவைத் திறந்து, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்து, என்னை உள்ளே இழுத்தார்.

"மாப்ள, டார்ச் பிடி."

"அத்தான், சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பெட்டியைத் தொடமாட்டேன்னுதான் சொன்னேன். சிப்பைப் பத்திப் பேச்சே வரல."

நான் டார்ச் பிடித்தேன். மறைக்க மாட்டேன், எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு சிப்பையும் மாற்றினார். அக்காவின் சிப் அவர் கணினிக்குள் போனது. மூன்று வாரம் அடி வாங்கிய அவருடைய சிப் அக்கா கணினிக்குப் போனது. வேகத்தை ஏற்றினார். ஐயாயிரத்து எண்ணூறு. தொள்ளாயிரம். ஆறாயிரம். குழுவின் விதிப்படி பத்து நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடியது. அத்தான் கத்தவில்லை, குதிக்கவில்லை. வாசற்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். சிப்பை உடனே திரும்ப மாற்றியிருக்கலாம். அதற்குள் அக்காவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டுவிட்டது.

திங்கட்கிழமை குழுவே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது, தெர்மாமீட்டர் தவிர. "படத்தை யாரும் ஒட்ட வைக்கலாம். செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அந்தச் சிப்போட அட்டைப்பெட்டி, பக்கத்துல உரிமையாளர் பேர் எழுதின காகிதம், ரெண்டையும் படம் எடுத்துப் போடணும். இல்லேன்னா சாதனைப் பட்டியல்ல சேராது." விதி அப்படித்தான் இருந்தது. அந்தச் சிப்பின் பெட்டியில்தான் அக்காவின் அழிரப்பர் இருந்தது.

அதே திங்கட்கிழமை அக்காவின் கணினி நாலு தடவை நின்றது. அடி வாங்கிய சிப் இப்போது பெட்டியில் எழுதிய வேகத்துக்கே திணறியது. "கரன்ட் ஏறி இறங்குது போல" என்றார் அத்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு. நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, மாலைக்குள் வரைபடத்தை முடித்து அனுப்பினாள் அக்கா.

செவ்வாய் காலை இன்ஜினியர் போன் செய்தார்.

"மேடம், வீடு பிரமாதமா வந்திருக்கு. ஓனர் என் பக்கத்துலதான் நிக்கறார். ஒரே ஒரு சந்தேகம் கேக்கறார். மாடிக்கு எப்படிப் போறது?"

இரண்டு மாடி வீடு. மேலே மூன்று அறை, பால்கனி, எல்லாம் இருந்தது. படிக்கட்டு இல்லை. கணினி நின்ற ஏதோ ஒரு தடவையில் அது மட்டும் பதியாமல் போயிருந்தது. ஓனர் ஏணி வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம், சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள்.

காரணம் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. கோழை என்றால் நான்தான்.

"நான் படி போட்டேன்டா. என் கண்ணால பார்த்தேன். அப்போ கண்ணு போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? வா, உங்க அத்தான் கடைக்குப் போய் செக் பண்ணிக்கலாம்."

மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னறையில் கண் பரிசோதிக்கும் அம்மா எழுத்துப் பலகையைக் காட்டினாள். அக்கா கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். அதற்கும் கீழே பலகையை அச்சடித்தவன் பெயர் பொடியாக இருந்தது, அதையும் படித்தாள்.

"உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லாயிருக்கு" என்றாள் அந்த அம்மா.

அக்கா பின்னறைக்கு வந்தாள். அத்தான் சக்கரத்தில் ஒரு லென்ஸைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ மூளைதான் போல. அழிரப்பர் டப்பாவை எங்க வெச்சேன்னுகூட காலையிலேருந்து தெரியல. இன்ஜினியர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன், இனிமே எனக்கு வேலை அனுப்ப வேண்டாம்னு." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தான் கையை எடுக்க மறந்துவிட்டார். முழு லென்ஸ் பாதியாகி, பாதி சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. அவர் வாழ்க்கையில் வீணாக்கிய முதல் லென்ஸ் அதுதான்.

சக்கரத்தை நிறுத்தினார். மேஜை இழுப்பறையைத் திறந்து, அக்காவின் சிப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பக்கத்தில் 'உரிமையாளர்: ஆறாயிரம்' என்று எழுதிய காகிதம். சாப்பாட்டு நேரத்தில் படம்கூட எடுத்தாகிவிட்டது, அனுப்புவதுதான் பாக்கி.

"கண்ணும் இல்ல, மூளையும் இல்ல" என்றார். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். டார்ச் பிடித்தது யார் என்பது மட்டும் சொல்லாமல் விட்டார். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்கா ஆனாலும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

அவள் கத்தவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, "ரப்பர்லாம் எங்க?" என்றாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"மூணு வாரமா இந்த எண்ணு, இந்த எண்ணுன்னு செத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஓடுச்சு. ஓடினதும் உன்னைக் கூப்பிட்டுக் காட்டணும்னுதான் முதல்ல தோணுச்சு. எப்படிக் கூப்பிடறது? அப்புறம் அதுல ஒண்ணுமே இல்லாம போச்சு."

அக்கா அந்தப் பொத்தான் அளவு லென்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"முதல்ல இன்ஜினியருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. படி போச்சுன்னா அதுக்கு யார் காரணம்னு, உங்க வாயால."

சொன்னார். மறுமுனையில் இன்ஜினியர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

"இப்போ வீட்டுக்கு வாங்க. எனக்குக் காட்டுங்க."

ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தோம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண் ஏறியது. ஆறாயிரம் வந்ததும் அத்தான் அவள் முகத்தைத்தான் பார்த்தார், திரையை அல்ல. பத்து நிமிடம் ஓடியது. "இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

பிறகு அத்தான் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, வரைபடத்துக்கு எழுதுகிற அதே நேரான எழுத்தில் எழுதினாள்:

உரிமையாளர்: மாடிப்படி.
ஓட்டுநர்: ஆறாயிரம்.

ஆறு மணிக்கு நாலு நிமிடம் முன்பு அத்தான் தன் கையாலேயே அதைப் பெட்டியோடு படம் எடுத்து அனுப்பினார். யார் அந்த மாடிப்படி என்று முந்நூறு பேரும் கேட்டார்கள். தெர்மாமீட்டர் மட்டும் சூடு எவ்வளவு என்று கேட்டார்.

இப்போது அந்தச் சிப் அக்காவின் கணினிக்கே திரும்பிவிட்டது. அதோடு தண்ணீர்க் குழாயும் போனது, மேஜை விசிறியும் போனது. அத்தானின் கணினி பெட்டியில் எழுதியதைவிடக் குறைந்த வேகத்தில், பழைய சைக்கிள் மாதிரி ஓடுகிறது; குழுவிலேயே அதுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் ஓட்டுநருக்கு அனுமதி. அதற்கு முன்னால் படிக்கட்டு பதிந்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எண் ஆறாயிரத்தைத் தொட்டதும் சமையலறைப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "வா, வந்து பாரு" என்று கூப்பிடுகிறார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் வருகிறாள்.